தார்ப்பாய்க்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

ஒரு காட்டில் ரெண்டு வண்டிக் கம்பெனிகள் இருந்தன. ஒரு காட்டுக்கு ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் வாழ்க்கையில் எதையும் விலை பேசி வாங்கியதில்லை என்று அர்த்தம். எதிர்க்கடை இல்லாத ஊரில் கடைக்காரன் சொல்வதுதான் விலை.

ஒரு கம்பெனி யானையுடையது. முதலாளி பெயர் ஆதிமூலம். அவர் செய்த வண்டி பழுதாகவே ஆகாது. அப்படியே வேகமாகவும் போகாது. பின்னால் வருகிற நத்தை ஹாரன் அடித்து வழி கேட்கும். இன்னொரு கம்பெனி குரங்குடையது. முதலாளி உச்சிமாகாளி. அவர் வண்டி பறக்கும். எந்தத் திசையில் என்பதை மட்டும் வாங்கினவர் முன்கூட்டியே சொல்ல முடியாது.

இருபது வருஷமாக ரெண்டு பேருக்கும் முகம் பார்த்துப் பேச்சு இல்லை. யானை வண்டி வாங்கினவர் வீட்டு விசேஷத்துக்குக் குரங்கு போகமாட்டார். குரங்கு வண்டி நிற்கிற நிழலில் யானை நிற்கமாட்டார். அது சக்கரம் வைத்த பாறை என்று குரங்கு சொல்வார். இது சாவி போட்டால் ஓடுகிற தகர டப்பா என்று யானை சொல்வார். ரெண்டுமே உண்மை என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்ட ரெண்டு பேரும் வைகாசி மாதத்தில் ஒரு நாள் ஒரே மேடையில் ஏறி ஒரே மாலைக்குள் கழுத்தை நுழைத்துக்கொண்டு நின்றார்கள். மாலை யானைக்கு அளவெடுத்தது. குரங்கு அதில் ஊஞ்சல் மாதிரித் தொங்கினார். தாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்திருப்பதாக அறிவித்தார்கள். யானையின் உறுதி, குரங்கின் வேகம், ரெண்டும் ஒரே வண்டியில். மேடைக்குப் பின்னால் பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடி ஏதோ நின்றது. அதுதான் கார். முதலில் ஒரே ஒரு வண்டி கொடுப்பார்கள், மற்றவர்களுக்கு புக்கிங் வரிசைப்படி.

ஏன் திடீரென்று சேர்ந்தார்கள் என்று காட்டில் பலர் யோசித்தார்கள். யோசிக்க என்ன இருக்கிறது? ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து கழுதைப்புலிகள் வந்து மூன்றாவதாக ஒரு கம்பெனி திறக்கப்போவதாகப் பேச்சு. வயிற்றில் புளி கரைந்தால் யாரும் யாருக்கும் மாலை போடுவார்கள்.

அன்றிலிருந்து காட்டில் வேறு பேச்சு இல்லை. ஒரு மைனா போனைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தத் தார்ப்பாயைத் தினமும் படம் பிடித்து விமர்சனம் சொன்னது. முதல் நாள் தார்ப்பாயின் நிறம் பற்றி. ரெண்டாம் நாள் கயிற்று முடிச்சு பற்றி. எட்டாம் நாள், இடது மூலையில் நேற்று இல்லாத ஒரு மடிப்பு இன்று தெரிவதாகவும், அது பின்பக்கக் கண்ணாடியாக இருக்கலாம் என்றும் சொன்னது. அதை மூவாயிரம் பேர் பார்த்தார்கள். அந்தக் காட்டில் இருந்ததே ரெண்டாயிரத்து நானூறு பேர்.

இந்தக் காருக்கு முதல் ஆளாக புக் செய்தவர் சிங்கராயர். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், அவர் ஒரு சிறுத்தை. ஒரு காலத்தில் அவர் பாய்ந்தால் பாய்ந்ததுதான். இப்போது முட்டி வலி. பாய்வதற்கு முன்னால் ஒரு தரம், பாய்ந்த பின்னால் ஒரு தரம் "அம்மா" என்பார். அதற்குள் சாப்பாடு ஓடிப்போய்விடும்.

அப்படி மூன்று முறை ஓடிப்போன சாப்பாட்டின் பெயர் தங்கப்பழம். அவள் ஒரு சருகுமான். முயலைவிட ஒரு பிடி பெரிசு, அவ்வளவுதான். ஆனால் வாய் காட்டெருமை அளவு. சந்தையில் அவள் நுழைந்தால் கடைக்காரர்கள் தராசை எடுத்து உள்ளே வைப்பார்கள்.

புக் செய்துவிட்டு வந்த அன்றே சிங்கராயர் ஓடைக்கரையில் அவளைப் பார்த்தார். துரத்தவில்லை. உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மூணு தடவ தப்பிச்சிட்ட. பரவாயில்ல. வண்டி வரட்டும்."

தங்கப்பழம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முட்டி வலிக்கிற சிறுத்தையிடமிருந்து ஓடித் தப்பலாம். காரில் வருகிற சிறுத்தையிடமிருந்து தப்ப முடியாது. தானும் ஒரு கார் எடுத்துவிடலாம் என்று மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவள் புக்கிங் ஆபீஸுக்குப் போய் நின்றாள்.

அங்கே மேனேஜர் நீலமேகம். கொக்கு. ஒற்றைக்காலில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். தலைக்குமேல் "இங்கே பேரம் பேசக்கூடாது" என்று போர்டு மாட்டியிருந்தார். முன்பணம் பத்துப்படி நெல்லிக்காய் என்றார்.

"போர்டு பேசாதுங்க. நீங்க பேசுங்க" என்றாள் தங்கப்பழம்.

பிறகு அவள்தான் பேசினாள். சிறுத்தைக்கும் பத்துப்படி, எனக்கும் பத்துப்படி என்றால் இது என்ன நியாயம் என்று ஆரம்பித்தாள். சிறுத்தை உட்கார்ந்தால் சீட் அமுங்கும். நான் உட்கார்ந்தால் சீட்டுக்கே தெரியாது. அவர் நகம் பட்டு உறை கிழியும். எனக்கு இருப்பது குளம்பு. என் எடைக்கு டயர் தேயவே தேயாது, நியாயமாகப் பார்த்தால் கம்பெனிதான் எனக்குத் தரவேண்டும். வராத வண்டிக்குப் பத்துப்படி வாங்குகிறீர்களே, வந்த பிறகு என்ன, காட்டையே எழுதி வாங்குவீர்களா? கொக்கு காலை மாற்றி நின்றார். அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து கால் மாற்றியது அதுதான் முதல் முறை. கடைசியில் ரெண்டு படிக்கு முடிந்தது, அதிலும் ஒரு படி பிஞ்சு. போகும்போது ஒரு சாவிக்கொத்தும் இலவசமாக வாங்கிக்கொண்டாள். புக்கிங் எண் இரண்டு.

ரசீதை வாங்கினவள் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். முன்பு ஒரு புதரை வாடகைக்கு எடுக்கும்போது பின்பக்கம் படிக்காமல் குளம்பை வைத்து, புதருக்குள் ஏற்கெனவே ஒரு மலைப்பாம்பு குடியிருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டாள். அடிபட்டவளுக்குப் பொடி எழுத்துதான் முதலில் கண்ணில் படும்.

பின்பக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி விதிகள். பதினேழாவது விதி இப்படி இருந்தது: "புக்கிங் எண் பெற்ற ஒரு வாடிக்கையாளர், தமது வண்டியைப் பெற்றுக்கொள்ளும்வரை, மற்றொரு வாடிக்கையாளரை உண்ணலாகாது. மீறினால் எண் ரத்து. முன்பணம் திருப்பித் தரப்படாது."

இந்த விதி வந்த கதை வேறு. கூட்டுக் கம்பெனி ஆரம்பித்தபோது, தன் பக்கத்து வாடிக்கையாளர்களைக் குரங்கு புலிக்குக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று யானை பயந்தார். யானையும் அதையே செய்வார் என்று குரங்கு பயந்தார். ஒப்பந்தத்தில் ரெண்டு பேரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விதி இதுதான்.

ஆபீஸைவிட்டு அவள் வெளியே வந்தாள். வாசலில் சிங்கராயர். வண்டி வரும்வரை பொறுக்க முடியாமல், முட்டி வலியோடு பதுங்கி, பாய்வதற்கு முன்னால் சொல்லவேண்டிய "அம்மா"வைச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கப்பழம் ஓடவில்லை. ரசீதின் பின்பக்கத்தை நீட்டினாள். அவர் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். நெடுநேரம் ஆயிற்று.

"உண்ணலாகாதுன்னா?"

"திங்கக்கூடாதுன்னு அண்ணாச்சி."

"கடிச்சுப் பாக்கலாமா?"

"அது இதுல போடல. உள்ள போய் கேட்டுட்டு வாங்க."

சிங்கராயர் உள்ளே போய் வரிசையில் நின்று கேட்டுவிட்டு வந்தார். கடிப்பதும் உண்பதில் சேருமாம். நக்குவதற்கு மட்டும் எழுத்து மூலம் அனுமதி வாங்கலாமாம், அதற்கு மூன்று நகல் வேண்டுமாம். அவர் சலித்துப்போய், வண்டி வருகிற அன்றைக்கு வந்து பார்க்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

தங்கப்பழத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அவளைக் காப்பாற்றப் போவது கார் இல்லை, ரசீது. சிங்கராயர் வண்டியை வாங்கிக்கொண்டால் விதி முடிந்தது, அவள் கதையும் முடிந்தது. தார்ப்பாயைத் தூக்காதவரைதான் அவளுக்கு ஆயுசு.

சேதி பரவியது. முயல், மயில், கடமான், முள்ளம்பன்றி எல்லாம் வந்து புக் செய்தன. புலியும் செந்நாய்க் கூட்டமும் மலைப்பாம்பும்கூட வந்து புக் செய்தன. அந்தக் காட்டில் அதுவரை இல்லாத அமைதி உண்டாயிற்று. வரிசையில் புலிக்கு முன்னால் நின்ற முயல், புலியின் மீசை முதுகில் படுகிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றது. புலி தள்ளி நின்றது. தவளைகள் மட்டும் புக் செய்யவில்லை. எங்களுக்கு எதற்குக் கார், நாங்கள் தாவுகிற தாவலுக்கு என்று இளப்பமாகப் பேசின. ஒரு வாரத்துக்குள் சிறுத்தை, புலி, செந்நாய் எல்லாருமாக ஓடையில் இறங்கிவிட்டார்கள். தவளையில் உப்பு குறைவு என்று சிங்கராயர் குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் பொறுத்துக்கொண்டார். கண் தார்ப்பாயிலேயே இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் வண்டி கொடுக்கும் தேதி அறிவித்தார்கள். தங்கப்பழம் யானை முதலாளியைப் பார்க்கப் போனாள். அவள் பொய் சொல்லவில்லை, கோள் மூட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"புது வண்டிக்குத் திருஷ்டி கழிக்கணும்ல முதலாளி. பூசணிக்காய யாரு உடைக்கிறா?"

ஆதிமூலத்துக்கு அந்த நிமிஷம்வரை அந்த எண்ணமே இல்லை. இப்போது வந்துவிட்டது. தன் காலடியில் வைத்தால் பூசணி தானாக உடையும், இதற்கு யானையைவிடத் தகுதியானவர் யார் என்றார். தங்கப்பழம் தலையாட்டிவிட்டுக் குரங்கு முதலாளியிடம் போனாள். அவரிடம், வலது முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற மரியாதை யாருக்கு என்று மட்டும் கேட்டாள். உச்சிமாகாளி மரத்திலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

பூசணிச் சண்டை ஒரு வாரம். எலுமிச்சைச் சண்டை பத்து நாள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் புது வண்டி எடுப்பார்கள்? ஒரு மாதம் போயிற்று. ஆவணி பிறந்ததும் நேரம் குறிக்க உட்கார்ந்தார்கள். யானை வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர். குரங்கு திருக்கணிதப் பஞ்சாங்கம். இதில் நல்ல நேரம் என்றால் அதில் ஆகாத நேரம். நடுவில் தங்கப்பழம் போய், ரெண்டு முதலாளிகளுக்கும் சந்திராஷ்டமம் இல்லாத நாளாக இருந்தால் தேவலை அல்லவா என்று இன்னொரு கேள்வி கேட்டுவைத்தாள். இருந்த நாலு நல்ல நாளும் போயிற்று.

ஆனால் கொக்கைக் குறைவாக எடைபோட்டுவிட்டாள். முதல் வண்டி கைமாறுகிற அன்றைக்கு நீலமேகத்துக்கு ஒரு குளம் எழுதித் தருவதாகப் பேச்சு. குளம் என்றால் மீனோடு. அவர் ரெண்டு பஞ்சாங்கத்தையும் விரித்துவைத்து மூன்று நாள் அசையாமல் நின்றார். எத்தனையோ மீனுக்கு நின்றவர், ஒரு முகூர்த்தத்துக்கு நிற்கமாட்டாரா? நாலாம் நாள் கொத்திவிட்டார். புதன்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து ஒன்பது இருபத்திரண்டு வரை, ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் நல்ல நேரம். பூசணிக்காய் ரெண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ரெண்டு எலுமிச்சை. சண்டை போட முதலாளிகளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

புதன்கிழமை காடே மைதானத்தில் கூடியிருந்தது. தங்கப்பழம் முன் வரிசையில் நின்றாள். ஓடி ஒளியலாம்தான், எங்கே ஓடுவது? ஒன்பது பத்துக்கு ஆதிமூலம் தார்ப்பாயின் ஒரு நுனியைப் பிடித்தார், உச்சிமாகாளி மறுநுனியைப் பிடித்தார். இழுத்தார்கள்.

செம்பருத்திப் பூ நிறத்தில், நின்ற இடத்திலேயே ஓடுவது மாதிரி ஒரு வண்டி. ஸ்டியரிங்கைக் கையாலும் பிடிக்கலாம், வாலாலும் பிடிக்கலாம். ஹாரனை அமுக்கினால் யானை பிளிறியது. உச்சிமாகாளி சாவியைத் திருப்பி ஒரு உறுமல் உறும விட்டார். மைதானத்தைச் சுற்றி நின்ற மரங்களில் பழுத்த இலை எல்லாம் உதிர்ந்தது, மைனாவும் உதிர்ந்தது. உண்மையைச் சொன்னால் அது நல்ல வண்டி. எதிரிகள் சேர்ந்து செய்ததில் ஒரு லாபம் உண்டு. ஒருவர் வேலையில் ஒருவர் குற்றம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, குற்றமே மிச்சமில்லாமல் போயிருந்தது.

ரெண்டு பூசணியும் உடைந்தன. எட்டு எலுமிச்சையும் வைத்தாயிற்று. கொக்கு சாவியைச் சிங்கராயரிடம் கொடுத்துவிட்டு, விநியோகப் பதிவேட்டை விரித்து, மைத்தட்டை நீட்டினார். சிங்கராயர் அதில் பாதத்தை வைத்து ஏட்டில் பதித்தால் வண்டி அவருடையது. அவர் பாதத்தைத் தூக்கினார். தூக்கியபடியே தங்கப்பழத்தைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"தாயி, நீ கொஞ்சம் முன்னால ஓடு. வண்டி எப்படி இழுக்குதுன்னு பாத்துருவோம்."

கூட்டம் விலகி வழிவிட்டது. அடுத்த முறை யார் ஓடவேண்டியிருக்குமோ என்று அவரவர் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கப்பழம் சிறுத்தையைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தாள்.

"முதலாளிமாரே, ஒரு சந்தேகம். அடுத்த மாடல்ல கூரை திறக்குமா?"

அடுத்த மாடல் என்று ஒன்று யார் மனதிலும் இல்லை. ஆதிமூலம் திடுக்கிட்டார். தனக்குத் தெரியாமல் குரங்கு ஏதோ செய்கிறார் என்று நினைத்தார். தெரியாது என்று சொன்னால் சபையில் மானம் போய்விடும்.

"திறக்கும்" என்றார்.

உச்சிமாகாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. யானை தன்னை ஒதுக்கிவிட்டு ரகசியமாக வண்டி செய்கிறார்.

"ஒரு கூரைன்னு யார் சொன்னா? ரெண்டு கூரை. ரெண்டும் திறக்கும்."

அதோடு நிற்கவில்லை. மேலே இருந்து தண்ணீர் தெளிக்கும் என்றார் யானை. சீட்டே பேன் பார்க்கும் என்றார் குரங்கு. கூட்டத்தில் பாதிப்பேர் அதைக் கேட்டு உடம்பைச் சொறிந்துகொண்டார்கள். சகதியில் புதையாது, கண்ணாடி தானாகவே தன்னைத் துடைத்துக்கொள்ளும் என்றார் யானை. ஓட்டுகிறவருக்குக் கால் வலித்தால் வண்டி முட்டியைப் பிடித்துவிடும் என்றார் குரங்கு.

சிங்கராயரின் பாதம் அந்தரத்தில் நின்றது.

"முட்டியவா?"

"ரெண்டு முட்டியையும்" என்றார் ஆதிமூலம், விட்டுக்கொடுக்காமல்.

எப்போது வரும் என்று சிங்கராயர் கேட்டார். தை மாதம் என்றார் ஒருவர். எதற்குத் தை, கார்த்திகையிலேயே என்றார் மற்றவர். கொக்கு மைத்தட்டை அவர் பாதத்தில் கொண்டுபோய் முட்டினார். நேரம் போகிறது, முதலில் வையுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று கெஞ்சினார். சிங்கராயர் மைத்தட்டைத் தள்ளிவிட்டார். இதை எடுத்துக்கொண்டால் அதை புக் செய்ய முடியுமா, அதைச் சொல்லும் என்றார். கொக்கு கேட்காதது மாதிரி வானத்தைப் பார்த்தார்.

தங்கப்பழம் தன் ரசீதைத் திருப்பி இருபத்துமூன்றாவது விதியில் குளம்பை வைத்து நீட்டினாள். "ஒரு விலங்குக்கு ஒரு வண்டி மட்டுமே." சிங்கராயர் உட்கார்ந்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார். ஒ, ரு, வி என்று அவர் கூட்டி முடிப்பதற்குள் மணி ஒன்பது இருபத்திரண்டு தாண்டிவிட்டது. நல்ல நேரமும் முடிந்தது.

அவர் எழுந்து சாவியை மேடைமேல் வைத்தார். இது பழைய மாடல், எனக்கு வேண்டாம் என்றார். யாரும் ஓட்டாத, பன்னிரண்டு நிமிஷத்துக்கு முன்னால் தார்ப்பாய் எடுத்த வண்டி, அதற்குள் பழசாகிவிட்டது. அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து இது எங்களுக்கும் வேண்டாம், அடுத்ததுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று ரசீதை நீட்டினார்கள். பேன் சீட்டுக்காகக் குரங்கு வகையறாக்களே முண்டியடித்து வந்தார்கள். மேடையில் முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்து, அடுத்த மாடலைப் பற்றி ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீலமேகம் வாழ்க்கையில் முதல் முறையாக ரெண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

புது வரிசை உண்டாயிற்று. முதலில் சிங்கராயர், இரண்டாவது தங்கப்பழம். விதிகள் பழையபடியே. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிங்கராயரின் வயிறு உறுமியது அவளுக்கு நன்றாகக் கேட்டது, அந்த வண்டியைவிடச் சத்தமாக. கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நல்ல நேரத்துல கேட்ட, தாயி. இல்லேன்னா கூரை இல்லாத வண்டிய என் தலையில கட்டியிருப்பானுவ."

"நீங்க நம்ம ஆளு அண்ணாச்சி. ஏமாற விட்டுருவேனா?" என்றாள் தங்கப்பழம். அவர் மீசை முகத்தில் உரசாமலிருக்க ஒரு அடி மட்டும் தள்ளி நின்றுகொண்டாள்.

நீதி: உங்களைத் தின்ன வருகிறவரிடம் கருணையை எதிர்பார்க்காதீர்கள். இதைவிட நல்லது ஒன்று வரப்போகிறது என்று மட்டும் அவர் காதில் போட்டுவையுங்கள். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்வார், பழைய மாடலைப் பொறுக்கமாட்டார்.